கோமதி அக்காவுக்குத் தங்கை இல்லை

1

போன வாரம் மகளுக்குக் காதுவலி. இங்கே டாக்டரைப் பார்க்கப் போகும் இடத்தை ‘சர்ஜரி’ என்பார்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் அந்தப் பலகையைப் பார்த்து, யாரையோ உள்ளே அறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பயந்து, காய்ச்சலோடு வீட்டுக்குத் திரும்பியவள் நான். இப்போது பழகிவிட்டது. வரவேற்பில் இருந்த பெண் “மிஸஸ் செல்வராஜ்” என்று கூப்பிட்டதும் எழுந்து போனேன்.

“உங்கள் கணவர் பெயரா?” என்று கேட்டாள். மகளின் பெயருக்குப் பின்னால் முருகேசன் என்று இருந்ததால் அவளுக்குச் சந்தேகம்.

“இல்லை, என் அப்பா பெயர்.”

“ஊரில் இருக்கிறாரா?”

“காலமாகிவிட்டார்” என்றேன். அவள் முகத்தில் வருத்தம் காட்டினாள். நானும் நன்றி சொன்னேன். காலமாவதற்கு ஒருவர் முதலில் பிறந்திருக்க வேண்டும். செல்வராஜ் என்று எனக்கு ஓர் அப்பா இருந்ததே இல்லை.

நான் பிறந்தது சாத்தூரில். என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனது என் அம்மா இல்லை, கோமதி அக்கா. அம்மா தெருவில் நடந்தால் ஊருக்கே அடையாளம் தெரியும். எனக்கும் அக்காவுக்கும் இருபது வயதுக்கு மேல் இடைவெளி. தலைமையாசிரியை பேனாவைத் திறந்துகொண்டு, “பிள்ளைக்கு அப்பா பேரு?” என்று கேட்டார். அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். எதிரில் ஒரு வாடகை சைக்கிள் கடை. கடைக்காரர் பெயர் பலகையில் இருந்தது.

“செல்வராஜ்” என்றாள் அக்கா.

தலைமையாசிரியையும் அந்தப் பலகையைத் தினமும் பார்ப்பவர்தான். அக்காவை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். அந்தப் பெயர் பள்ளிச் சான்றிதழுக்குப் போய், விருதுநகரில் நான் படித்த கல்லூரிக்குப் போய், பாஸ்போர்ட்டுக்குள் ஏறி, கடல் தாண்டி இங்கே குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது.

2

என் அம்மா செண்பகம் சின்ன வயதில் கோயிலுக்கென்று பொட்டுக் கட்டப்பட்டவள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு அம்மா பெயர்தான் முன்னெழுத்து. அதில் கேவலம் இருப்பதாக வீட்டுக்குள் யாருக்கும் தோன்றியதில்லை. கேவலம் வாசலுக்கு வெளியேதான் இருந்தது.

அக்காவுக்கும் பொட்டுக் கட்டுவதாக இருந்தது. ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது, இனி எந்தப் பெண்ணுக்கும் பொட்டுக் கட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. அம்மா அந்த வாரமே ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். “நல்லதுன்னுதான் எல்லாரும் சொன்னாக. எனக்கும் நல்லதாத்தான் பட்டுச்சு. ஆனா மறுநாள் எங்கன போகணும்னு யாரும் சொல்லல” என்பாள் அக்கா. அவள் போன இடம் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். முதலில் தீக்குச்சி அடுக்கினாள். பிறகு லேபிள் ஒட்டினாள். வயது ஏறியதும் நாரணாபுரத்தில் பட்டாசு ஆபீஸ். விடிந்ததும் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. வேறு மாதிரிக் கேட்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா கதவைச் சாத்தினாள். பொட்டும் இல்லை, தாலியும் இல்லை. சட்டம் அவளை ஒரு வாசலில் இருந்து வெளியே விட்டது. இன்னொரு வாசலைத் திறந்துவிட அதற்குத் தெரியவில்லை.

என் கணவர் முருகேசனுக்கு எல்லாம் தெரியும். கல்லூரியில் பழகியபோதே சொன்னேன். அவர் நல்ல மனிதர். ஆனால் அவர் அப்பா நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி போர்மேன். தங்கைகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். “எனக்குத் தெரிஞ்சாப் போதும். வீட்டுக்குத் தெரிய வேண்டாம்” என்றார். அதற்குள் அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். என் கல்யாணத்தில் அக்கா ஒன்றுவிட்ட அக்காவாக, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு ஆடி வெள்ளியில் இருக்கன்குடிக் கோயில் கூட்டத்தில் என் மாமியாரும் அவளும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாளாம். “ஒங்க அக்காவுக்கு ரொம்பத்தான் கர்வம்” என்று மாமியார் எனக்கு ஃபோனில் சொன்னார்.

3

இங்கே தமிழ்ப் பெண்பிள்ளை என்றால் சனிக்கிழமை பரதநாட்டியம். இங்கிலாந்துச் சட்டமா என்று நினைக்கும் அளவுக்கு எல்லா வீட்டிலும் இது உண்டு. என் மகள் நிவேதாவும் போனாள். சின்ன வயதில் சாத்தூர் வீட்டில் என் கால் தாளம் போட்டால்கூடத் தொடையில் அடி விழும். இங்கே நானே காரில் கூட்டிப்போய், வாடகைக்கு எடுத்த ஹாலின் பின்வரிசையில் உட்கார்ந்து, அவள் ஆடுவதைப் பார்த்தேன். “தவறான கைகளில் கிடந்த தெய்வீகக் கலை” என்று நடன டீச்சர் ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் சொல்வார். மற்ற அம்மாக்களோடு சேர்ந்து நானும் கைதட்டுவேன். தட்டாமல் இருந்தால் ஏன் என்று யாராவது கேட்பார்களே.

ஒரு சனிக்கிழமை டீச்சர் ஒரு பேராசிரியையைப் பேசக் கூப்பிட்டிருந்தார். பெயர் மாலதி, சென்னைக்காரர், இங்கே பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லித்தருபவர். கோயில் பெருமை பேசுவார் என்று எதிர்பார்த்து டீச்சர் குத்துவிளக்கெல்லாம் ஏற்றியிருந்தார். மாலதி வேறு பேசினார்.

“அந்தப் பெண்களை மீட்டோம் என்பது ஒரு கதை. அவர்களிடமிருந்து கலையை மீட்டோம் என்பது இன்னொரு கதை. இரண்டிலும் மீட்டவர்கள்தான் பேசுகிறார்கள். அவர்களில் பலர் படித்தார்கள், தங்கள் பெயரில் சொத்து வைத்திருந்தார்கள், மகளுக்குக் கொடுத்தார்கள். துன்பமும் பட்டார்கள். தேவதை என்றும் எழுத வேண்டாம், பாவம் என்றும் எழுத வேண்டாம். அவர்கள் சொல்வதை முதலில் கேட்டு எழுதுவோம். சட்டம் வந்த மறுநாள் அவர்கள் என்ன செய்தார்கள்? சலங்கையை எங்கே வைத்தார்கள்? நமக்குத் தெரியாது.”

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. “எங்க வீட்டுல அரிசிப் பானைக்குள்ள கிடந்துச்சு” என்றேன்.

ஹால் திரும்பிப் பார்த்தது. “எங்க பக்கத்து வீட்டுல” என்றேன்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருத்தி சிரித்தாள். மாலதி மட்டும் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த என் கணவர் தரையைப் பார்த்தார். திரும்பும்போது காரில் பேசியது நிவேதாதான்.

“அம்மா, அந்த லேடீஸ் எல்லாம் சோ ப்ரேவ், இல்ல? அவங்கதான் ரியல் ஃபெமினிஸ்ட்ஸ்.”

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அடுப்படியில் நின்று எனக்கு வாசித்துக் காட்டினாள். கடைசி வரியில் அந்தப் பெண்கள் எல்லோரும் மறைந்துபோனார்கள், அவர்களின் குரலை இனி நாம் கேட்க முடியாது என்று இருந்தது. “நல்லா இருக்கா?” என்றாள். நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தேன். “நல்லா இருக்கு” என்றேன். முந்தின நாள்தான் பெரியம்மாவோடு ஃபோனில் பேசியிருந்தாள் அவள்.

4

நிவேதாவின் அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தபோது அக்கா ஓர் ஆசை சொன்னாள். எதற்குமே ஆசைப்பட்டுச் சொல்லிப் பழகாதவள்.

“ஏ வசந்தா, ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வந்துருதேனே. ஓரமா இருந்துக்கிருவேன். யாருன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம்.”

முருகேசன்கூட மறுக்கவில்லை. “வரட்டும். இங்கன யாருக்கு என்ன தெரியப் போகுது” என்றார். அழைப்புக் கடிதம் அனுப்பினேன். அக்கா சாத்தூரில் இருந்து சென்னைக்குப் போய், புதுச் செருப்போடு விசா அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். கூடப்பிறந்த தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னாள். அவளுடைய காகிதங்களில் அப்பா பெயர் என்று எதுவும் இல்லை; செண்பகம் என்று அம்மா பெயர் மட்டும். என்னுடையதில் அப்பா செல்வராஜ்; நான் அனுப்பிய எதிலும் அம்மா பெயர் இல்லை. இவர்கள் சகோதரிகள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று விசா மறுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. காகிதத்தைப் பார்த்தால் நாங்கள் அந்நியர்கள்தான்.

மாலதியிடம் போனேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் ஒன்றும் துருவவில்லை. பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான். அவரிடம்தான் முதல் தடவையாக முழுக்கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதுக்கு வழி இருக்கு” என்றார். அந்தச் சமூகத்தில் பிள்ளைகள் தாய் பெயரைத்தான் தாங்குவார்கள் என்று வரலாற்றுப் பேராசிரியையாக ஒரு விளக்கம் அங்கேயே எழுதித் தந்தார். “ஆனா நீங்களும் ஒண்ணு எழுதிக் கொடுக்கணும். செல்வராஜ்ங்கறது பள்ளிக்கூடத்துல சும்மா சொன்ன பேருன்னு.”

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சண்டை.

“குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுருக்கு. இந்த நேரத்துல பாஸ்போர்ட்ல இருக்கிற அப்பா பேரு பொய்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போறியா? உன்ன மட்டுமா நிறுத்துவாக? நம்ம எல்லாரையும்ல நிறுத்துவாக?”

“அப்ப அக்கா?”

“நான் வேண்டாம்னா சொன்னேன்? வழி இல்லைன்னு சொல்றேன்.”

“வழி இருக்கு. உங்களுக்குப் பயம்.”

“ஆமா, பயந்தான்” என்றார் அவர். “உனக்கு இல்லையா?”

இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த வீடு போகும். சொல்லாவிட்டால் அக்கா போவாள். மாலதி எழுதிக்கொடுத்த விளக்கம் மேசையில் கிடந்தது. எனக்காக யாரும் இவ்வளவு மரியாதையாக எழுதியதில்லை. அதைத் தொடவே கை வரவில்லை.

முடிவை அக்காதான் எடுத்தாள். “மாப்பிள்ளை சொல்றது சரிதான். என்னைய வச்சு ஒனக்கு ஒரு கேடு வந்துறக் கூடாது தாயி. படம் பிடிச்சு அனுப்பு, பாத்துக்கிடுதேன்” என்றாள். சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அரங்கேற்றம் நடந்தது. நிவேதா நன்றாக ஆடினாள். டீச்சர் வழக்கம்போலத் தவறான கைகளைப் பற்றிப் பேசினார். நான் கைதட்டவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. அது எனக்கு இன்னும் கசப்பாக இருந்தது.

5

அடுத்த ஆண்டு மாலதி, அந்தப் பெண்களைப் பற்றித் தான் எழுதும் ஆங்கிலப் புத்தகத்துக்காக எங்கள் ஊர்ப் பக்கம் போனார். போகும் முன் என் அனுமதியைக் கேட்டார். “உங்க அக்கா பேசுவாங்களா?” அக்காவை நானே கேட்டேன். “வரச் சொல்லு. கோழி அடிச்சுப் போடுதேன்” என்றாள். மாலதி கையில் அரங்கேற்றத்தின் டிவிடியைக் கொடுத்து அனுப்பினேன். அதுவரை அனுப்பாமல் வைத்திருந்தேன். தபாலில் போட மனசு வரவில்லை.

திரும்பி வந்த மாலதி, என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

“வாங்க, இருங்க, சாப்பிட்டீகளா?” என்று வரவேற்றிருக்கிறாள் அக்கா. பக்கத்து வீட்டு டிவிடி பிளேயரை இரவல் வாங்கி வைத்திருந்தாளாம். இருவரும் பாயில் உட்கார்ந்து நிவேதாவின் ஆட்டத்தை முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். “எந் தங்கச்சி மக” என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். “அந்த நெத்தியப் பாருங்க, எங்க அம்மா நெத்தி.” பார்த்து முடித்ததும் முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து, “இப்பக் கேளுங்க, பதியிறதப் போடுங்க” என்றிருக்கிறாள்.

எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆட்டம் கற்றது, நின்றது, தீப்பெட்டி ஆபீஸ், கதவைச் சாத்தியது. வழக்கப்படி மாலதி, பெயரை மாற்றித்தான் போடுவோம் என்று சொல்லியிருக்கிறார்.

“மாத்தக் கூடாது” என்றாளாம் அக்கா. “எம் பேரு கோமதி. அம்மா பேரு செண்பகம். அதையே போடுங்க. படமும் எடுத்துக்கோங்க.”

“அம்மா, உங்க குடும்பத்துக்குத் தொந்தரவு வராதா?”

“குடும்பமா? எனக்குக் கூடப்பொறந்தவ யாரும் இல்ல. நான் ஒத்த ஆளு. எழுதிக்கோங்க.”

மாலதி டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். “ரெக்கார்டரை நிறுத்தியிருந்தப்ப தங்கச்சி மகன்னு சொன்னாங்க. ஓடிட்டிருந்தப்ப யாரும் இல்லேன்னாங்க. அவங்க சொல்றதை அப்படியே எழுதணும்னு எல்லா மேடையிலயும் பேசறவ நான். எதை எழுதட்டும், சொல்லுங்க?”

நான் அப்போதே அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

“ஏன்க்கா அப்படிச் சொன்ன?”

“பின்ன என்ன சொல்லச் சொல்ற? இம்புட்டு நாளும் எம் பேரை ஒளிச்சு வச்சது ஒனக்காக. நீ அங்கன போயிச் சேந்துட்ட. ஒரு தடவ எம் பேரை நானே சொல்லிக்கிடணும்னு இருந்துச்சு. அதுக்கு ஒன்னைய அதுல இருந்து எடுத்துறணும். ரெண்டும் ஒரே தாள்ல நிக்காது.”

“யாராவது பாத்துட்டா?”

“இங்கிலீசுப் பொஸ்தகந்தானே? நாரணாபுரத்துல யாரு அதப் படிக்கப் போறா?”

ஃபோனை வைத்துவிட்டு மாலதியிடம், “அக்கா சொன்ன மாதிரியே எழுதுங்க” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள்ளாக எங்களுக்குக் குடியுரிமையும் கிடைத்திருந்தது. செல்வராஜ் என்ற பெயரில், ராணியின் படத்துக்கு முன்னால், உண்மையாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுத்திருந்தேன்.

6

காதுவலிக்குப் போய்வந்த அதே வாரம், வெள்ளிக்கிழமை, தபாலில் புத்தகம் வந்தது. நான் வேலையில் இருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறும் வேலை எனக்கு. வீட்டுக்கு வந்தபோது உறை பிரிந்து கிடந்தது. நிவேதா சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். இப்போது அவளுக்குப் பதினாறு வயது. வீட்டில் பேசுவதே குறைந்துவிட்டது. கேட்டால் தோளைக் குலுக்குவாள்.

படிக்கக் கூடியவர்களை எல்லாம் நினைத்துப் பயந்தோம். மாமனார், மாமியார், நாத்தனார்கள், நாரணாபுரம் முழுவதும். அந்தப் புத்தகத்தை உட்கார்ந்து படிக்கக் கூடிய ஒரே ஆள் எங்கள் வீட்டுக்குள் இருப்பது எனக்கும் தோன்றவில்லை, முருகேசனுக்கும் தோன்றவில்லை.

“அம்மா, இது பெரியம்மா” என்றாள். படத்தில் அக்கா நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருக்கன்குடியில் முகத்தைத் திருப்பியவளா இவள் என்றிருந்தது எனக்கு.

“ஆமா.”

“பெரியம்மா உன் கசின்னு சொன்னே.”

“கசின் இல்ல. சொந்த அக்கா. ஒரே அம்மா.”

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று விரல் வைத்துப் பக்கத்தில் மேலே போனாள். பிறகு கீழே வந்தாள். “இங்க சிஸ்டர் இல்லைன்னு இருக்கே. ஏன்?”

“எனக்காகச் சொன்னா.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாதா?”

அவள் அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்துபோய் ஃபோனை எடுத்து, அவளே நம்பரை அழுத்தி, நான் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“பெரியம்மா, நிவி பேசறேன். புக் வந்திருக்கு. படிச்சேன். உங்க போட்டோ இருக்கு.”

ஊர்ச் சத்தம் கேட்டது. ஏதோ லோடு லாரி ஹாரன் அடித்துப் போனது.

“அது வேற யாரோ கோமதி, கண்ணு” என்றாள் அக்கா. “நம்ம பக்கம் இந்தப் பேரு நெறையப் பேருக்கு உண்டு. மூஞ்சியும் ஒண்ணுபோல இருக்கும். நீ படிக்கிற சோலியப் பாரு.”

நிவேதா என்னைப் பார்த்தாள்.

உங்களுக்காக இதைத் தமிழில் எழுதும்போது நானும் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஆங்கிலப் புத்தகத்தில் தன் சொந்தப் பெயரோடு நிற்கிறவளுக்கு இங்கே கோமதி என்று நான்தான் வேறு பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் மொழியில் எழுதுவதென்றால் எனக்கு இன்னும் இவ்வளவுதான் துணிச்சல். ஆனால் அன்றைக்கு என் சமையலறையில் வேறு யாரும் இல்லை. நானும் என் மகளும் அக்காவின் குரலும்தான். ஃபோனைக் கையில் வாங்கினேன்.

“அக்கா, நான் சொல்லிட்டேன். அது நீதான்னு பிள்ளைக்குத் தெரியும்.”

இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

“புத்திகெட்டவளே” என்றாள் அக்கா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோலக் கேட்டாள்:

“பிள்ளை என்ன சொல்லுச்சு?”